பதினான்கு நாளுக்குள்

ரசீதில் மூன்று மொழியிலும் போட்டிருக்கிறது:
பதினான்கு நாளுக்குள் அகற்ற வேண்டும்,
பிந்தினால் நாளுக்கு ஆயிரத்தைந்நூறு.
தமிழில் மட்டும் ஒரு பிழை,
'எடுத்துக்கொன்று செல்லவும்' என்று.
நிஸ்தார் வாய்விட்டுச் சிரித்தான்.
நான் நான்காக மடித்துப் பொலித்தீன் பையில் போட்டேன்.
இன்றைக்குப் பன்னிரண்டு.

தியத்தலாவை முகாமின் பின்வேலியில்
மூக்கைப் புல்லுக்குள் விட்டபடி நிற்கிறது எங்கள் லொறி,
ஆமிக்காரர் கழித்துக்கட்டியது.
முன்சில்லு இரண்டிலும் காற்றில்லை.
பெற்றறி இருந்த இடத்தில் பெற்றறி அளவு துரு.
மூன்று வருட மழையில்
நிலம் அதை அச்சு வரைக்கும் வாங்கிவிட்டது,
எங்களுக்கு முன்னமே, ஒரு சதம் கொடுக்காமல்.

ஏலத்துக்குப் போன ஒரே பொம்பளை நான்.
கதிரை தந்தார்கள், பிளேன்டீ தந்தார்கள்,
யாருக்காக வந்தீங்க என்று கேட்டார்கள்.
லீக்ஸுக்காக, என்றேன்.
தம்புள்ளைக்கு ஏற்றும் ஒவ்வொரு மூட்டையிலும்
பாதியை வாடகை லொறி தின்றுவிடுகிறது.
எட்டு வருடக் கணக்கு இது.
ஒன்பது லட்சத்து இருபதுக்குக் கை தூக்கினேன்.
தூக்கிய கை இறங்க மறந்து
அடுத்த சாமானையும் வாங்கப் பார்த்தது;
நூற்றுப்பத்து இரும்புக் கட்டில்.

நிஸ்தார் வெலிமடையில் டயர் ஒட்டுகிறவன்.
மேசையில் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து
விளங்கப்படுத்தினான்:
இதன் பிரேக் காற்றை நம்பியது.
காற்றிருந்தால் விடும்,
இல்லாவிட்டால் பிடித்த பிடிதான்.
அடியில் மல்லாந்து படுத்து
இரண்டு பக்கமும் போல்ட்டைத் திருகி
ஸ்பிரிங்கை இறுக்கிக் கட்டினால் சில்லு உருளும்.
உருண்ட பிறகு கஹகொல்ல வளைவில் அதை நிறுத்த
முன்னால் இழுக்கிற என் லொறியும்
உங்கட அந்தோனியாரும்தான்.
ஆகவே சங்கிலி வேண்டாம், இரும்புத் தண்டு.
சங்கிலி இழுக்க மட்டும்தான் தெரிந்தது,
தடுக்கத் தெரியாது.

தண்டு என்று எழுதினேன்.
சிலிப்பர் கட்டை ஆறு, ஜாக் இரண்டு,
மண்வெட்டி, மண்ணெண்ணெய்,
இரவல் கொம்பிரசர், அதைத் தருகிறவனுக்கு அரைப் போத்தல்.

வெல்டிங் மருதவீரன் அதுவரை வாயே திறக்கவில்லை.
எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை, கியரைப் பற்றியும்.
"பின் பலகை இருக்கா?"
இருக்கு.
"எடது பக்கக் கொண்டி?"
அதெல்லாம் யார் பார்த்தது.
"அது சரியா விழாது.
குலுக்கல்ல தானாத் தெறக்கும்,
மூடப் போனா வெரலக் கடிக்கும்.
கட்டுக்கம்பி போட்டு இறுக்கிட்டுத்தான் எடுக்கணும்."

இவன் எந்த முகாமிலும் வேலை செய்ததில்லை.
லொறி ஓட்டியதுமில்லை.
தொண்ணூற்றைந்தில் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்றான்,
பிறகு கொஞ்ச நாள் எங்கேயும் நிற்கவில்லை,
பிறகு இங்கே வந்தான்.
இடது கை மோதிரவிரலில் நகம் வளர்வதில்லை.
இரும்பு வேலையில் போனது என்று
நானாகவே நினைத்திருந்தேன்.

நிஸ்தார் சிரட்டையை நிமிர்த்தினான்.
கட்டுக்கம்பி ஒரு கிலோ, என்று எழுதினேன்.
எழுத்து வரிக்கு மேலே ஏறிப் போனது.

இன்னும் ஒன்று பாக்கி.
இழுபடும் லொறிக்குள் ஒருவர் உட்கார்ந்து
ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும்.
சீட்டில்லை, கம்பிச் சட்டம் மட்டும்.
கண்ணாடியில் பாசி.
நான் வாயெடுக்குமுன்
"நான் ஏறுறேன்," என்றான் மருதவீரன்.
யோசித்துப் பார், என்றேன்.
"முன்னுக்குத்தானே," என்றான்.

பச்சையாகவே ரோட்டில் விட முடியாதாம்,
நிறம் மாற்றினால்தான் இலக்கத் தகடு.
என்ன நிறம் என்று இன்னும் பேசவில்லை.
தோட்டத்துக் கோயில் வேலையில் மிஞ்சிய
ரோஸ் பெயின்ட் ஒரு வாளி
அவனிடம் இருக்கிறதாம், சும்மா சொல்லி வைத்தான்.

அலாரம் நாலரைக்கு.
பிளாஸ்க் கழுவியாயிற்று.
வெளியே மழை, புல்லு வழுக்கும், கட்டை கூடுதலாக வேண்டும்.
பொனட்டுக்குள் ஒரு குளவிக்கூடு இருக்கிறது,
தலையளவு.
அதற்கு என்ன செய்வதென்று
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.